ஏலத்தில் எடுத்த காருக்கு உண்மையான மதிப்பு எவ்வளவு?

மன்னார்குடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். தவணை கட்டாததால் பேங்க் எடுத்துப்போன காரை ஏலத்தில் பிடித்துக்கொண்டு, "அண்ணே, லாபமா நஷ்டமா?" என்று வருகிறவர்கள் நிறைய. ஏலத்தொகையை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும்.

போன மாசம் ஒரு தம்பி திருச்சியில் ஒரு யார்டில், அதாவது ஏல வண்டிகளை நிறுத்தி வைக்கிற இடத்தில், 2017 மாடல் பெட்ரோல் வேகன் ஆர் எடுத்தார், 2,35,000 ரூபாய்க்கு. அதே மாடல், அதே வருஷம், ஓடுகிற வண்டி தஞ்சாவூர்ப் பக்கம் என்ன விலை என்று விசாரித்தோம். சொல்கிற விலை 3,30,000. கைமாறுகிற விலை 3,10,000. எப்போதும் கைமாறுகிற விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் வண்டியின் மதிப்பு என்று போட்டிருக்கும் ஐ.டி.வி. தொகையை நம்ப வேண்டாம். ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு அது இன்சூரன்ஸ் கம்பெனியும் ஓனரும் பேசி வைத்துக்கொள்கிற தொகைதான்.

அதிலிருந்து, வண்டி ரோட்டுக்கு வருகிறவரை ஆகும் செலவைக் கழித்தோம். ஏலக் கட்டணம் 8,000, ரெக்கவரி வண்டி 6,500, பேட்டரி 4,500, நாலு டயர் 16,000, கிளட்சும் சஸ்பென்ஷன் புஷ்ஷும் 17,000, இன்சூரன்ஸ் 9,000, பெயர் மாற்றமும் பழைய அபராதமும் 6,000. மொத்தம் 67,000. மீதி 2,43,000. சரி, 8,000 லாபம் என்று தம்பி சிரித்தார். ஆனால் கண்ணுக்குத் தெரியாத பழுதுக்கு என்று சந்தை விலையில் பத்தில் ஒரு பங்கையும் கழிக்கச் சொல்வேன். கழித்தால் 2,12,000. அன்றைக்கு அந்த வண்டியின் மதிப்பு அதுதான். ரெண்டே வாரத்தில் ஏ.சி. கம்ப்ரசர் போய் 18,000 செலவானது.

யார்டில் பெரும்பாலும் ஸ்டார்ட் செய்து பார்க்கத்தான் விடுவார்கள், ஓட்ட விடமாட்டார்கள். அதனால் கண்ணும் கையும்தான் துணை. முதலில் தண்ணீர். 2015, 2023 டிசம்பர்களில் சென்னையில் எத்தனை வண்டிகள் முழுகின என்று நாம் பார்த்தோம். முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வெளியே தெரிகிற பெல்ட்டைக் கழுவியிருப்பார்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி முழத்தைக் கழுவ யாருக்கும் தோன்றாது. அதில் பழுப்பாகக் கோடு விழுந்திருந்தால் வண்டிக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது. அப்புறம் தரை விரிப்பைத் தூக்கி விரலால் தடவுங்கள். வண்டல் காய்ந்தால் மாவு மாதிரி விரலில் ஒட்டும் என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வண்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். ஒயரிங் இன்றைக்கு வேலை செய்யும். ஆறு மாசம் கழித்து ஒவ்வொன்றாகப் பழுதாகும்.

அடுத்தது துரு. நம்பர் டிஎன் 51 என்றால் நாகப்பட்டினம். வேதாரண்யம் பக்கம் ஓடிய வண்டியாக இருந்தால் உப்புக்காற்று அடிப்பாகத்தைத் தின்றிருக்கும். ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியையும், வண்டிக்கு அடியில் குனிந்து சேசிஸையும் பாருங்கள். மேல்துரு தேய்த்தால் போகும். ஸ்க்ரூடிரைவரால் குத்தும்போது இறங்கினால் டிங்கரிங் செலவு பெரிதாக வரும். அறுவடை முடிந்து களத்தோரம் நின்ற வண்டி என்றால் பானட்டுக்குள் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். டயரில் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ல் 23-ஆவது வாரம் தயாரித்தது. பட்டன், அதாவது ரோட்டில் படுகிற மேடு, தேயாமல் நன்றாக இருந்தாலும் அது பழைய டயர்தான்.

பேப்பரும் விலையில் சேர்த்திதான். ஆர்.சி.யில் கடன் பதிவு நீங்க 35-ஆம் படிவம் வேண்டும். நிதி நிறுவனம் ஆர்.சி.யைத் தன் பெயரில் வாங்குவதென்றால் 36-ஆம் படிவம். இவற்றை யார், எத்தனை நாளில் தருவார்கள் என்று ஏலம் கேட்பதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பேப்பருக்காக நாலு மாசம் அலைந்தார். வண்டி அதுவரை என் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. பேட்டரியும் ரெண்டு டயரும் வீணாகிப் போயின.