யாரை எடுத்தார்கள் என்று பார்க்கும் முன், எதைக் கொடுத்தார்கள் என்று பாருங்கள்

போன மாதம் நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பதினோராம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். 2012இலிருந்து அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். அணிகள், கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுத்த முதல் சுற்று வீரர்கள் எல்லோரையும் ஓர் அட்டவணையில் போட்டிருந்தான். நல்ல தேர்வுக்குப் பச்சை, மோசமானதற்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு மஞ்சள். உழைத்துச் செய்த வேலை. மேலே 2012 வாஷிங்டன் வரியைப் பார்த்தேன். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ராபர்ட் கிரிஃபின், மஞ்சள். பக்கத்தில் ஒரு குறிப்பு: "நல்ல வீரர், முழங்கால் போச்சு, துரதிர்ஷ்டம்."

பத்து வருடத்துக்கு முன்னால் என் நோட்டில் நான் எழுதிவைத்ததும் ஏறக்குறைய இதே வார்த்தைகள்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

டிராஃப்ட் முடிந்த மறுநாளே மதிப்பெண் போடாதே, கல்லூரி ஆட்டத்தின் அழகான துண்டுகளை மட்டும் பார்த்து முடிவு கட்டாதே என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லியாயிற்று. அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் தெரிந்தால் போதும். 32 அணிகள், ஏழு சுற்றுகள். போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்புகளை, அதாவது பிக்குகளை, அணிகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கலாம். அடுத்த வருடத்து பிக்கைக்கூட இப்போதே கொடுத்துவிடலாம். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாற்பது கெஜ ஓட்டத்தில் மயங்குவது

2017இல் டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் நடந்த பரிசோதனை முகாமில் ஜான் ராஸ் 40 கெஜத்தை 4.22 விநாடியில் ஓடினார். அன்றைய சாதனை அது. சின்சினாட்டி அவரை ஒன்பதாவது இடத்தில் எடுத்தது. களத்தில் அந்த வேகத்துக்கு ஏற்ற ஆட்டம் கடைசிவரை வரவில்லை. ஓட்டத்தைப் பாருங்கள், ஆனால் கடைசியாகப் பாருங்கள்.

ஆளைப் பார்த்துவிட்டு விலையை விடுவது

இதைத்தான் சொல்ல வந்தேன். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

2012இல் நான் வர்ஜீனியாவில் இருந்தேன். ஆகஸ்ட் மாதத்திலேயே மளிகைக் கடை வரிசையில், பள்ளிப் பேருந்து நிறுத்தத்தில், எங்கு திரும்பினாலும் கிரிஃபினின் 10ஆம் எண் ஜெர்சி. இரண்டாவது இடத்தில் அவரை எடுப்பதற்காக வாஷிங்டன், அப்போது செயின்ட் லூயிஸில் இருந்த ராம்ஸ் அணிக்குக் கொடுத்தவை இவை: அந்த வருடத்து ஆறாவது இடம், அதே வருடத்து இரண்டாம் சுற்று பிக், 2013இன் முதல் சுற்று பிக், 2014இன் முதல் சுற்று பிக். அது எனக்குத் தெரியாமல் இல்லை. நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தேன். ஆனால் மதிப்பெண் போடும் இடத்துக்கு வந்ததும் அந்த வரியைத் தாண்டி, கிரிஃபின் எப்படி ஆடினார் என்பதை மட்டும் பார்த்தேன். அற்புதமாகத்தான் ஆடினார். அணி 10 வெற்றி, 6 தோல்வியோடு தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அந்த வருடத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. நோட்டில் பெரிதாக ஒரு டிக் போட்டேன்.

அப்புறம் 2013 ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் அவருடைய வலது முழங்கால் போயிற்று. அடுத்த பருவத்தில் வாஷிங்டன் 3 வெற்றி, 13 தோல்வி. டிக்கை அடித்துவிட்டு, "காயம், துரதிர்ஷ்டம்" என்று எழுதினேன்.

2014 டிசம்பர் 7. வாஷிங்டன் மைதானத்துக்கு ராம்ஸ் வந்திருந்தார்கள். நாணயம் சுண்டும் நேரத்தில் ராம்ஸ் பக்கத்திலிருந்து ஆறு பேர் கேப்டன்களாக நடுக்களத்துக்கு நடந்து வந்தார்கள். ஆறு பேரும் அந்த பேரத்தில் கைமாறிய பிக்குகளிலிருந்தும், ராம்ஸ் அவற்றை மறுபடி கைமாற்றி வாங்கிய பிக்குகளிலிருந்தும் வந்தவர்கள். பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் தெரிந்தேதான் அப்படி அனுப்பியிருந்தார். எதிர்ப்பக்கம் அன்றைய ஆட்டத்தைத் தொடங்கியவர் கிரிஃபின்கூட இல்லை, கோல்ட் மெக்காய். ஆட்டம் 24-0 என்று ராம்ஸுக்கு முடிந்தது. நான் அந்த நாணயம் சுண்டிய காட்சியிலேயே நின்றுவிட்டேன். ஒரு பக்கம் ஓர் ஆள், இன்னொரு பக்கம் ஆறு ஆட்கள். என் நோட்டில் ஓர் ஆள் மட்டும்தான் இருந்தார்.

இங்கே இன்னொரு குழியும் இருக்கிறது. அந்த ஆறு பேரில் ஒருவரான கிரெக் ராபின்சன், 2014இல் இரண்டாவது இடத்தில் எடுக்கப்பட்டவர். அந்த இடம் வாஷிங்டன் கொடுத்த பிக். 3-13 என்று தோற்றதால்தான் அது அவ்வளவு மேலே வந்தது. ராபின்சன் பிறகு சோபிக்கவில்லை. ராம்ஸும் 2017வரை ஒரு பருவத்தைக்கூடத் தோல்வியைவிட அதிக வெற்றியோடு முடிக்கவில்லை. இதைக் காட்டி, "பார்த்தீர்களா, அவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் வாஷிங்டனுக்கு நஷ்டம் இல்லை" என்று வாதாடுபவர்கள் உண்டு. அது தப்பு. நான் ஒரு வீட்டை வாங்கக் கொடுத்த காசை விற்றவர் சூதாட்டத்தில் தொலைத்தால், நான் கொடுத்த விலை குறைந்துவிடுமா? வாஷிங்டன் இழந்தது ராபின்சனை அல்ல. இரண்டாவது இடத்தில் நின்று யாரை வேண்டுமானாலும் எடுக்கும் உரிமையை இழந்தது. கொடுத்த விலையை அந்த இடத்தின் மதிப்பை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

சரி, பையனின் அட்டவணைக்கு வருகிறேன். 2023இல் கரோலினா எடுத்த பிரைஸ் யங், சிவப்பு. "ஸ்ட்ரௌட் இருக்கும்போது யங்கை எடுத்தாங்க அங்கிள், அதுதான் தப்பு" என்றான். சி.ஜே. ஸ்ட்ரௌட் அடுத்த இடத்திலேயே ஹூஸ்டனுக்குப் போய்ச் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் ஆனது உண்மை. ஆனால் முதல் இடத்தை வாங்க கரோலினா சிகாகோவுக்குக் கொடுத்தது என்ன என்று கேட்டேன். அவன் அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை. ஒன்பதாவது இடம், 61ஆவது இடம், 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று, இவற்றோடு டி.ஜே. மூர் என்ற நல்ல வைட் ரிசீவர், அதாவது எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர். புதுக் குவார்ட்டர்பேக் பந்தை எறிய வேண்டிய ஆளையே கொடுத்துவிட்டார்கள்! அந்தப் பருவத்தில் கரோலினா 2 வெற்றி, 15 தோல்வி. அதனால் 2024இன் அந்த பிக் முதல் இடமாகவே சிகாகோவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் அவர்கள் காலெப் வில்லியம்ஸை எடுத்தார்கள்.

பையனின் அட்டவணையில் வில்லியம்ஸ் பச்சை, யங் சிவப்பு. இரண்டும் ஒரே பேரத்தின் இரு முனைகள் என்பது எங்கேயும் இல்லை. யங் பிற்பாடு எவ்வளவு தேறினாலும் அந்தச் சிவப்பு முழுப் பச்சையாக மாறாது. ஸ்ட்ரௌடையே எடுத்திருந்தாலும் விலை அதே விலைதான்.

எல்லா பேரமும் இப்படி இருக்காது. 2017இல் சிகாகோ மூன்றிலிருந்து இரண்டுக்கு ஓர் இடம் நகர்ந்து மிட்செல் ட்ருபிஸ்கியை எடுத்தது. அதற்கு மேல்காசாகக் கொடுத்தது இரண்டு மூன்றாம் சுற்று பிக்குகளும் ஒரு நான்காம் சுற்று பிக்கும். அங்கே பெரிய நஷ்டம் விலையில் இல்லை, ஆளில்தான். பின்னாளில் பெரிய குவார்ட்டர்பேக் ஆன பேட்ரிக் மஹோம்ஸ் பத்தாவது இடம்வரை எடுக்கப்படாமல் இருந்தார். எது ஆளின் தவறு, எது விலையின் தவறு என்று பிரித்துப் பார்க்கத் தனிக்கட்டம் வேண்டும்.

விலைப் பட்டியலை வேதமாக எடுப்பது

விலையைக் கணக்கிடத் தொடங்கியதும் எல்லோரும் ஓடிப்போய் எடுப்பது டல்லஸ் அணியின் பழைய பட்டியலை. 1990களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது வந்தது. முதல் இடத்துக்கு 3000 புள்ளி, இரண்டாவதற்கு 2600, 32ஆவதற்கு 590. பேரம் பேச வசதியான பட்டியல். ஆனால் அது அணிகள் எந்த விலைக்குக் கொடுத்து வாங்குகின்றன என்று சொல்கிறதே தவிர, அந்த இடத்தில் வரும் வீரர் எவ்வளவு தேறுவார் என்று சொல்லவில்லை. பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் இதை ஆராய்ந்து, மேல் இடங்களுக்கு அணிகள் அளவுக்கு மீறிக் கொடுக்கின்றன என்று காட்டினார்கள். சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால் முதல் சுற்றின் கடைசியிலும் இரண்டாம் சுற்றின் தொடக்கத்திலும்தான் லாபம் அதிகம் என்பது அவர்கள் கண்டது.

அதையும் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் பார்த்தது 2011க்கு முந்தைய சம்பளங்களை. 2010இல் முதல் இடத்தில் வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம். மறு வருடம் புதுமுகங்களின் சம்பளத்தைக் கட்டுப்படுத்தும் புதிய விதி வந்த பிறகு, அதே முதல் இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நாலு வருடத்துக்குச் சுமார் 2 கோடியே 20 லட்சம். மேல் இடத்து வீரர் மலிவானதும் அந்த இடத்தின் மதிப்பு ஏறிவிட்டது. நான் இரண்டு கணக்கையும் போட்டுப் பார்க்கிறேன். இரண்டிலும் நஷ்டம் என்று வந்தால்தான் சிவப்பு.

பிரேடியைக் காட்டி வாதாடுவது

கடைசிச் சுற்றுகளிலும் மேதைகள் கிடைப்பார்கள், மேல் பிக்குகள் போனால் என்ன என்று வாதாட, குவார்ட்டர்பேக் டாம் பிரேடியைக் காட்டுவார்கள். ஆனால் 2000இல் அவரை 199ஆவது இடத்தில் எடுத்த நியூ இங்கிலாந்தே, அதற்கு முன் வேறு ஆறு பேரை எடுத்திருந்தது.

மூன்று வருடம் ஆனதும் கணக்கை மூடுவது

மூன்று வருடம் பொதுவாகப் போதும். குவார்ட்டர்பேக்குக்குப் போதாது. 2005இல் 24ஆவது இடத்தில் கிரீன் பே எடுத்த ஆரன் ராட்ஜர்ஸ், பிரெட் ஃபார்வுக்குப் பின்னால் மூன்று பருவம் உட்கார்ந்திருந்தார். ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கவில்லை. பஃபலோவின் ஜோஷ் ஆலன் 2018இல், தன் முதல் பருவத்தில், எறிந்த பந்துகளில் சக வீரர் கையில் சேர்ந்தவை 52.8 சதவீதம்தான். 2020இல் அது 69.2. நான் பென்சிலில்தான் எழுதுகிறேன்.

ஒரு தவறை இன்னொரு அதிர்ஷ்டத்தால் அழிப்பது

சான் பிரான்சிஸ்கோ 2021இல் மூன்றாவது இடத்துக்கு ஏறி ட்ரே லான்ஸை எடுக்க, மூன்று முதல் சுற்று பிக்குகளையும் ஒரு மூன்றாம் சுற்று பிக்கையும் மயாமிக்குக் கொடுத்தது. லான்ஸ் அங்கே நிலைக்கவில்லை. 2022இல் கடைசி இடமான 262இல் அவர்கள் எடுத்த பிராக் பர்டி, 2024 பிப்ரவரியில் அவர்களை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல்வரை கூட்டிப் போனார். உடனே லான்ஸ் கணக்கு மறந்துபோயிற்று. பர்டிக்குப் பச்சை போடுங்கள், ஆனால் லான்ஸின் சிவப்பைத் துடைக்காதீர்கள். அந்தப் பிக்குகள் கையில் இருந்து, பர்டியும் இருந்திருந்தால் அந்த அணி எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பிடித்த அணிக்குச் சலுகை

அணியின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு முறை படியுங்கள்.