மிடி கால்வாயோரம் கிராவல் சைக்கிள் பயணம்: நீர் வரும் வழியிலிருந்து தொடங்குங்கள்

பிரான்சின் தென்மேற்கில் துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள தோ காயல் வரை 240 கி.மீ. தொலைவுக்கு மிடி கால்வாய் ஓடுகிறது. பதினான்காம் லூயி மன்னர் 1666இல் பிறப்பித்த ஆணையால் வெட்டப்பட்டு, 1681இல் படகுகளுக்குத் திறக்கப்பட்ட இந்தக் கால்வாயை 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. படகுகளைக் கயிறு கட்டி இழுத்த குதிரைகளுக்காகக் கரையில் அமைத்த பாதையில்தான் இன்று சைக்கிள்கள் போகின்றன.

பெரும்பாலானோர் துலூஸ் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கால்வாயைப் பிடித்துக் கிழக்கு நோக்கிக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. வரை நல்ல தார்ப்பாதை என்பதால் எந்தச் சைக்கிளும் போதும். சரளைப் பாதையிலும் ஓடும் அகல டயர் கொண்ட கிராவல் சைக்கிள் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது வேறு வழி. ரயிலில் காஸ்தெல்னோதரிக்கு வந்து இறங்குங்கள். கடல் பக்கம் திரும்புவதற்கு முன், கால்வாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டு நாள் ஒதுக்கிப் பார்த்துவிடுங்கள். அதைப் பார்த்த பிறகு வழியில் வரும் ஒவ்வொரு மதகும் (படகுகளை ஏற்றி இறக்கும் கதவு வைத்த நீர்த்தொட்டி) பாலமும் என்ன வேலை செய்கிறது என்பது தானாக விளங்கும்.

தண்ணீரின் வழியில் இரண்டு நாள்

அட்லாண்டிக் பக்கம் ஓடும் நீரும் மத்தியதரைக் கடல் பக்கம் ஓடும் நீரும் பிரியும் மேடு நோரூஸ். கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர் உயரம். கால்வாய் இந்த மேட்டைத் தாண்டியாக வேண்டும். மேட்டைக் கடக்கும் ஒவ்வொரு படகுக்கும் இரு பக்கத்து மதகுகளும் திறந்து மூடும்போது, உச்சியிலிருந்து தண்ணீர் இரு சரிவுகளிலும் இறங்கிவிடுகிறது. உச்சிக்கு இடைவிடாமல் தண்ணீர் கொண்டுவர வழியில்லாததால்தான் அதற்கு முந்தைய திட்டங்கள் எல்லாம் காகிதத்தோடு நின்றுபோயின. பெஸியே நகரில் பிறந்து, உப்பு வரி வசூலித்துச் செல்வம் சேர்த்த பியேர்-போல் ரிக்கே இதற்கு விடை கண்டார். வடக்கே உள்ள கறுப்பு மலையின் ஓடைகளை மறித்து, ‘ரிகோல்’ எனப்படும் குறுகிய ஊட்டுக் கால்வாய்கள் வழியாக நோரூஸுக்குத் திருப்பிவிட்டார்.

முதல் நாள் காஸ்தெல்னோதரியிலிருந்து கால்வாய்க்கரையில் மேற்கே 13 கி.மீ. சென்றால் நோரூஸ் வந்துவிடும். ரிக்கேயின் வழித்தோன்றல்கள் 1827இல் எழுப்பிய நினைவுத்தூணும், அவர் வெட்டிய எண்கோண நீர்த்தேக்கம் தூர்ந்துபோய் மரங்கள் சூழ்ந்த புல்வெளியாக மாறிய இடமும் அங்கே இருக்கின்றன. அங்கிருந்து சமவெளி ரிகோலின் கரையைப் பிடித்து நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் ஏறத்தாழ 38 கி.மீ. போனால் ரெவெல் ஊரை அடையலாம். நீர் மெல்ல நகரும் அளவுக்கு மட்டுமே சரிவு வைத்து வெட்டியிருப்பதால் ஏறுகிறோம் என்பதே கால்களுக்குத் தெரியாது. குன்றுகளை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும் இந்த மண்பாதை சில இடங்களில் ஒற்றையடிப் பாதையாகக் குறுகிவிடும். கோதுமை, சூரியகாந்தி வயல்கள் இரு பக்கமும் வரும். எந்த இடத்திலாவது இறங்கி வாய்க்காலைப் பாருங்கள். தாவினால் அக்கரைக்குப் போய்விடலாம் என்று தோன்றும் இந்த அகலத்துக்குள் ஓடும் நீர்தான் 240 கி.மீ. கால்வாய்க்கு உயிர் கொடுத்தது.

ரெவெல் 1342இல் திட்டமிட்டு நிறுவப்பட்ட ஊர். அதன் நடுச் சதுக்கத்தில், பெரிய மரத்தூண்கள் தாங்கும் கூரையின் கீழ், 14ஆம் நூற்றாண்டுச் சந்தைக்கூடம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. சந்தை நாள் சனிக்கிழமை என்பதால், முடிந்தால் வெள்ளிக்கிழமை இரவு அங்கே தங்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காலையில் ஊரிலிருந்து சில கி.மீ. மேடேறினால் சேன்-ஃபெரேயோல் அணை. 1667க்கும் 1672க்கும் இடையில் கட்டப்பட்ட இந்த அணை அக்காலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய அணைகளுள் ஒன்று. கால்வாய் வேலையில் உச்சக்கட்டத்தில் ஏறத்தாழ 12,000 பேர் ஈடுபட்டிருந்தார்கள். அவர்களில் பெண்களும் பெருமளவில் இருந்தார்கள் என்பதை இங்கே நிற்கும்போது நினைத்துக்கொள்ள வேண்டும். ஏரியைச் சுற்றியுள்ள பாதையில் நடப்பவர்கள் அதிகம் என்பதால் மெதுவாகச் செல்லுங்கள். கால்களில் வலு மிச்சமிருந்தால் லே காமாஸ் வரை ஏறிப் போய், மலை ஓடைகளின் நீரைக் கொண்டுவரும் மலை ரிகோலை நீட்டிப்பதற்காக, மன்னரின் கோட்டைப் பொறியாளர் வோபான் குடையச் செய்த 122 மீட்டர் சுரங்கத்தைப் பார்க்கலாம். பிற்பகலில் சிற்றூர்ச் சாலைகள் வழியாக ஏறத்தாழ 20 கி.மீ. தெற்கே இறங்கினால் மீண்டும் காஸ்தெல்னோதரி. பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் 1787 மே மாதம் இந்தக் கால்வாயில் படகில் வந்தபோது, காஸ்தெல்னோதரியில் குதிரை எடுத்துக்கொண்டு இதே சேன்-ஃபெரேயோலையும் லே காமாஸையும் பார்க்கப் போனார். படகில் இருந்தபடி மட்டும் இந்தக் கால்வாயைப் புரிந்துகொள்ள முடியாது என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

அன்று இரவு வெள்ளை அவரையும் வாத்துக்கறியும் பன்றிக்கறியும் மண்சட்டியில் வெந்த கசூலே சாப்பிடாமல் காஸ்தெல்னோதரியை விட்டுப் போகாதீர்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு மிதிக்கலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். அது இரவுக்கு உரிய உணவு.

சைக்கிளும் சுமையும்

காஸ்தெல்னோதரிக்குக் கிழக்கே கரைப்பாதை பெரும்பாலும் மண்ணும் சரளையும்தான். அதில் தொல்லை தருபவை கற்களைவிட வேர்கள். கரையோரப் பிளேன் மரங்களின் வேர்கள் பாதைக்குக் குறுக்கே தொடர்ச்சியாகப் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. மணிக்கணக்கில் அவற்றின்மேல் ஏறி இறங்கும்போது உள்ளங்கையும் மணிக்கட்டும் மரத்துப்போகும். எனவே 40 மி.மீ. டயருக்குக் குறைய வேண்டாம். 45 இருந்தால் இன்னும் நல்லது. 70 கிலோ எடையுள்ளவர் சுமையோடு போகும்போது 40 மி.மீ. டியூப்லெஸ் டயரில் (உள் டியூப் இல்லாமல், ஓட்டையை அடைக்கும் திரவம் ஊற்றியது) காற்றழுத்தத்தை முன்னால் 35, பின்னால் 40 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கி, வேர்களின் மேல் ஓட்டிப் பார்த்துச் சிறிது குறைத்துக்கொள்ளலாம். வேலிகளை வெட்டிய பின் பாதையில் உதிர்ந்து கிடக்கும் முட்களுக்கு டியூப்லெஸ் திரவமே நல்ல காப்பு. ஆனாலும் ஒரு டியூபும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் பையில் இருக்கட்டும், ஏனெனில் நகரங்களுக்கு வெளியே சைக்கிள் கடைகள் அரிது.

பக்கவாட்டுப் பெரிய பைகளைவிட, சட்டகத்துக்குள்ளும் இருக்கைக்குப் பின்னும் கட்டும் ஒல்லியான பைகள் இங்கே பொருந்தும். ஒரு பக்கம் புதர், மறுபக்கம் தண்ணீர் என்று ஓர் அடி அகலத்துக்குப் பாதை சுருங்கும் இடங்களில் பக்கப் பை புதரில் மாட்டினால் ஆள் கால்வாய்க்குள் விழ வேண்டியதுதான். பழைய கல்பாலங்களின் வளைவுக்குக் கீழே போகும்போது இறங்கித் தள்ளுங்கள்; அங்கே தலை இடிக்கும், ஈரக்கல் வழுக்கும். கரையில் கட்டியிருக்கும் படகுகளின் கயிறுகள் பாதையோரத்து முளைகள்வரை நீண்டிருக்கும், மாலை வெளிச்சத்தில் அவை கண்ணுக்குத் தெரியாது.

மணியும் விளக்குகளும் பிரான்சில் சட்டப்படி கட்டாயம். இரவிலோ மங்கிய வெளிச்சத்திலோ ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேலங்கியும் அணிய வேண்டும். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம். பெரியவர்களும் போட்டுக்கொள்வதே அறிவு.

காலமும் காற்றும்

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரையும், செப்டம்பர் முதல் அக்டோபர் நடு வரையும் ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் கடுமை. அதிலும் முன்பு கிடைத்த நிழல் இப்போது பல இடங்களில் இல்லை. கரையில் நின்ற சுமார் 42,000 பிளேன் மரங்களிடையே ஒரு பூஞ்சை நோய் புகுந்திருப்பது 2006இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு மருந்து இல்லாததால் நோய்கண்ட மரங்களையும் அவற்றை ஒட்டியவற்றையும் வெட்டி எரிக்க வேண்டியதாயிற்று. த்ரேப் ஊருக்குக் கிழக்கே நெடுந்தொலைவு வெட்டவெளியாகக் கிடப்பதும், இடையிடையே இளங்கன்றுகள் வரிசையாக நிற்பதும் அதனால்தான். பழைய படங்களில் உள்ள பசுமைக் குகையை எதிர்பார்த்து வருபவருக்கு இது வலிக்கும். முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அந்தப் பகுதியைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்.

வடமேற்கிலிருந்து வீசும் ‘செர்ஸ்’ என்ற காற்றுதான் இந்த வட்டாரத்தில் மிகுதி. கடலை நோக்கிப் போகும்போது அது முதுகில் தள்ளும் என்பதால் மேற்கிலிருந்து கிழக்கே செல்வது நல்லது. பலத்த மழை பெய்தால் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். கரையோடு மல்லுக்கட்டாமல், இணையாகச் செல்லும் ஊர்ச் சாலைகளுக்கு மாறிவிடுங்கள்.

சிற்றூர்க் கடைகள் மதியம் மூடிவிடும், திங்கட்கிழமைகளில் பல கடைகள் திறப்பதே இல்லை. ரொட்டிக் கடையைக் கண்டால் பசிக்காவிட்டாலும் வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

கார்காசோன் முதல் மினேர்வ் வரை

காஸ்தெல்னோதரியிலிருந்து கார்காசோன் 40 கி.மீ. வழியில் மதகுகளின் தொட்டியைக் கவனியுங்கள்: பக்கச்சுவர்கள் நேராக இல்லாமல் வெளிப்புறம் வளைந்து முட்டை வடிவில் இருக்கும். நேர்ச்சுவர் வைத்துக் கட்டிய தொடக்கக் கால மதகு ஒன்று மண்ணின் அழுத்தம் தாங்காமல் சரிந்த பிறகு, அழுத்தத்தைப் பகிர்ந்து தாங்கும் இந்த வளைவுக்கு ரிக்கே மாறினார்.

கார்காசோன் கோட்டைக்கு இரட்டை மதில், 52 கோபுரங்கள். 19ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-த்யூக் புதுப்பித்த கூர்ங்கூரைகளைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். என் கண்ணுக்கு அதைவிட மதிப்புள்ளது உள்மதிலின் அடிப்பகுதி. வடக்குப் பக்கம் இரு மதில்களுக்கும் இடையில் நடந்து போனால், சிறு சிறு கற்களின் வரிசைகளுக்கு நடுவே செங்கல் பட்டைகள் கிடையாக ஓடுவதைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். அவை ரோமானியப் பேரரசின் கடைசிக் காலத்துச் சுவர்கள். உள்ளே உருளைக்கல் தெருக்களும் கூட்டமும் இருப்பதால் சைக்கிளைத் தங்குமிடத்தில் பூட்டிவிட்டு, மாலையில் நடந்து ஏறுங்கள்.

அடுத்த நாள் ஓம்ப்ஸ் வரை 40 கி.மீ. லா ரெதோர்த் தாண்டியதும் பாதை ஒரு கல்மேடையின் மேல் ஏறும். அதன் அடியில் 11 வளைவுகள். கால்வாயில் மிகும் நீர் அவற்றின் வழியே அர்ஜான்-தூப்ள் ஆற்றில் வழிந்துவிடும். கரைகளை வெள்ளத்திலிருந்து காக்க 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டப்பட்ட இந்த வடிகால் இன்றும் வேலை செய்கிறது.

ஓம்ப்ஸிலிருந்து கால்வாயை விட்டு விலகி, ஒலொன்ஸாக் வழியாகத் திராட்சைத் தோட்டங்களுக்கு இடையேயுள்ள சரளைப் பாதைகளில் வடக்கே ஏறினால், இரு ஆறுகளின் பள்ளத்தாக்குகள் சூழ்ந்த பாறைமேல் மினேர்வ் ஊர் நிற்கிறது. திருச்சபையிலிருந்து விலகிய கிறித்தவப் பிரிவினரான கத்தார் (Cathar) சமயத்தாருக்கு எதிரான சிலுவைப்போரில் படைத்தலைவர் சிமோன் த மோன்ஃபோர் 1210இல் இதை முற்றுகையிட்டு, கல்லெறி பொறியால் ஊரின் கிணற்று வழியைத் தகர்த்தார். தண்ணீரின்றி ஊர் பணிந்தது. சமயத்தை விட மறுத்த 140 பேர்வரை எரிக்கப்பட்டனர். ஏற்றம் கடினம், நிழல் குறைவு, ஆயினும் இந்தப் பயணத்தில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

மால்பா குன்றும் கடைசி இறக்கமும்

மீண்டும் கால்வாய்க்கு வந்தால், அர்ஜான்-மினேர்வுவாவிலிருந்து பெஸியே வரை ஏறத்தாழ 54 கி.மீ.க்கு மதகே கிடையாது. மேடு பள்ளங்களைத் தவிர்க்கக் கால்வாய் குன்றுகளின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. பராஸா அருகே ஓடும் ரெப்யூத்ர் ஆற்றை 1676இல் கட்டிய நீர்ப்பாலத்தின் மேலேறிக் கடக்கிறது. ல சொமாயில் தங்கிவிட்டுக் கிளம்பினால் காப்பெஸ்தானைக் கடந்து நண்பகலுக்குள் மால்பா வந்துவிடலாம்.

இங்கே ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். குன்றைக் குடைந்து 1679இல் ரிக்கே போட்ட கால்வாய்ச் சுரங்கம் ஏறத்தாழ 165 மீட்டர்; அதே குன்றுக்குள் ரயில் சுரங்கமும், இரண்டுக்கும் கீழே இடைக்கால வடிகால் சுரங்கமும் போகின்றன. அந்த வடிகாலின் காரணத்தைப் பார்க்க, செங்குத்தான சாலையில் ஆன்செரூன் குன்றின் உச்சிக்கு ஏற வேண்டும். கி.மு. 6ஆம் நூற்றாண்டு முதல் மக்கள் வாழ்ந்த அந்தத் தொல்லூரின் விளிம்பிலிருந்து கீழே பார்த்தால், 1247இல் வற்றவைக்கப்பட்ட மோந்தாதி ஏரி வயல்களாக விரிந்து கிடக்கும். எல்லா வரப்பும் நடுவிலுள்ள வட்டத்தை நோக்கிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் ஓடுகின்றன. அங்கே சேரும் நீர் நிலத்தடியில் 1 கி.மீ.க்கும் மேல் ஓடி மலைக்கு மறுபுறம் வெளியேறுகிறது.

அங்கிருந்து எட்டு கி.மீ. அளவில் ஃபோன்செரான் மதகு வரிசை. எட்டுத் தொட்டிகள் அடுத்தடுத்து இறங்கி, படகை முதலில் 21 மீட்டர் கீழே கொண்டுபோய் விட்டன; இன்று படகுகள் அவை எல்லாவற்றையும் கடப்பதில்லை. எதிரே ஓர்ப் ஆற்றுக்கு மேல் பெஸியே நகரின் பேராலயம் தெரியும். இந்த ஊர் மைந்தரான ரிக்கே 1680 அக்டோபரில் இறந்துவிட்டதால் கால்வாய் திறப்பதைப் பார்க்கவில்லை.

பெஸியேவிலிருந்து துறைமுக நகரான செத் (Sète) வரை இன்னும் 50 கி.மீ. ஆக்தைக் கடந்து, லேஸ் ஓங்லூ கலங்கரை விளக்கோடு கால்வாய் முடிகிறது. அதன் பின் கடலுக்கும் காயலுக்கும் இடையேயுள்ள மணல்திட்டில் தனிச் சைக்கிள் பாதை உண்டு. நேரம் குறைவானால் பெஸியேவிலேயே முடித்துக்கொள்ளலாம், இழப்பு பெரிதல்ல. இரு ஊர்களிலிருந்தும் வட்டார ரயில்கள் சைக்கிளை அப்படியே ஏற்றிக்கொள்ளும், ஆனால் இடம் குறைவு என்பதால் கோடை வார இறுதிகளில் காலை வண்டியைப் பிடியுங்கள். அதிவேக ரயிலில் பாரீஸ் திரும்புவதானால் சைக்கிளுக்கும் சேர்த்து முன்பதிவு செய்ய வேண்டும், அல்லது சக்கரங்களைக் கழற்றிப் பையில் அடைத்துக் கொண்டுபோக வேண்டும்; அந்தப் பையை ஊரிலிருந்து கிளம்பும்போதே சுருட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.