பழைய ஒற்றைத்தடி வள்ளம் வாங்கும் முன்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், எங்கள் பக்கம், இப்போது பைபர் படகையும் வள்ளம் என்றுதான் சொல்கிறார்கள். அதனால் விசாரிக்கும்போதே 'ஒற்றைத்தடி', அதாவது ஒரே மரத்தைக் குடைந்து செய்தது, என்று அழுத்திச் சொல்லுங்கள். கேரள எல்லை தாண்டிப் பூவாறு, விழிஞ்ஞம் போனாலும் அந்தப் பெயர் செல்லும்.

முதலில் மரம் எது என்று கேளுங்கள். அயினி (காட்டுப்பலா) என்றால் தயங்காமல் பேரத்தில் இறங்கலாம். மா என்றால் விலை குறைய வேண்டும், அது சீக்கிரம் உளுத்துவிடும்.

அப்புறம், கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்டால் சரி. சத்தம் அமுங்கும் இடத்தில் கத்தி முனையை வைத்து அழுத்திப் பாருங்கள்.

எனக்குப் பெரிய பயம் கப்பல் புழுதான். பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். குஞ்சாக மரத்தில் ஒட்டும்போது அது போடும் ஓட்டை குண்டூசித் தலை அளவுகூட இருக்காது. உள்ளே வளர வளரக் குடைந்துகொண்டு போகும். சந்தேகப்பட்ட இடத்தைக் கொஞ்சம் செதுக்கினால் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய குழாய்கள் தெரியும். ஒன்று தெரிந்தாலும், உள்ளே பல இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வள்ளம் வேண்டாம்.

நீளவாக்கில் மெல்லிய விரிசல் இருந்தால் கவலையில்லை. தேங்காய் நாரைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் பூசினால் நிற்கும். வெளிச்சம் ஊடுருவுகிற விரிசல் என்றால் விட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகு, பொழிமுகத்து (ஆறு கடலில் சேரும் இடம்) உப்புத் தண்ணீரிலேயே மாதக்கணக்கில் கட்டிப்போடாதீர்கள். அடிக்கடி கரையேற்றி உலர விடுங்கள், காய்ந்த மரத்தில் புழு பிழைக்காது. ஆனால் உச்சி வெயிலில் போட்டால் மரம் வெடிக்கும். தென்னை நிழலில், இரண்டு கட்டை மேல் கவிழ்த்து வையுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே தேங்கினால் உளுப்பு ஆரம்பித்துவிடும்.

நன்றாக உலர்ந்த பிறகு உள்ளும் புறமும் சாளை (மத்தி) மீன் எண்ணெய் தேய்க்க வேண்டும். நாற்றம் வீட்டு வாசல் வரை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடிப்பாகத்துக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் பூசுவதானால் கையுறை கட்டாயம். தோலில் பட்டால் புண்ணாகிவிடும்.