ஓரிகன் பாதையில் இரண்டு நாள்: ஆற்றைப் பிடித்துக்கொண்டு போங்கள்

1840களில் மிசூரியிலிருந்து ஓரிகனுக்குக் குடிபெயர்ந்தவர்கள் மாடு பூட்டிய கூண்டு வண்டிகளில் கடந்த பாதை ஏறத்தாழ 2,000 மைல். அத்தனையையும் ஓட்ட வேண்டாம். மேற்கு நெப்ராஸ்காவில் தொடங்கி, வயோமிங்கில் கேஸ்பர் நகரைக் கொஞ்சம் தாண்டும்வரை போனால் போதும். முக்கியமான இடங்கள் அந்த நீட்டில்தான் இருக்கின்றன. மோட்டல், பெட்ரோல் சமாச்சாரமெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: கையேடு

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை இந்தப் பாதைக்கு மாநிலவாரியாகக் கார்ப் பயணக் கையேடுகளை இலவச பிடிஎஃப்பாகத் தருகிறது. நெப்ராஸ்கா, வயோமிங் இரண்டையும் இறக்கி அச்சடித்துக்கொள்ளுங்கள். ஆமாம், காகிதத்தில்தான். செயலிகளை நான் இந்த வேலைக்கு நம்புவதில்லை. ஏன் என்று படி 3இல் தெரியும்.

படி 2: கிழக்கிலிருந்து மேற்கே

திசையை மாற்றாதீர்கள். வாரக்கணக்காகச் சமவெளியையே பார்த்து வந்தவர்களுக்கு, புகைபோக்கி மாதிரி நிற்கும் சிம்னி ராக் பாறை எப்படித் தெரிந்திருக்கும் என்பது கிழக்கேயிருந்து வந்தால்தான் புரியும். அங்கிருந்து ஸ்காட்ஸ் பிளஃப் குன்றுக்குக் காரில் அரை மணி நேரம். கூண்டு வண்டிகளுக்கு அது ஒரு நாளுக்கு மேல் பிடித்த தூரம். அந்தக் குன்றை ஒட்டிய மிட்செல் கணவாயில் பழைய தடம் புல் மூடிய பள்ளமாகக் கிடக்கிறது. உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் நிழல் விழும்போது பாருங்கள்.

படி 3: ஃபோர்ட் லாரமி (நான் கோட்டை விட்ட இடம்)

அடுத்து ஃபோர்ட் லாரமி என்ற பழைய கோட்டை. ஃபோனில் 'லாரமி' என்று மட்டும் அடித்தேன். வண்டி தெற்கே போய், ஐ-80 நெடுஞ்சாலையில் ஏறி, மதியம் ஒரு பல்கலைக்கழக ஊரில் கொண்டுபோய் நிறுத்தியது. கோட்டையைக் காணோம். அது லாரமி நகரம். கோட்டை அங்கிருந்து நூறு மைலுக்கும் அப்பால், வடகிழக்கே இருக்கிறது. ஜாக் லாரமி என்ற தோல் வேட்டைக்காரரின் பெயரை ஆறு, மலை, ஊர், கவுண்டி என்று எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறார்கள்! அரை நாள் போச்சு.

அன்று கற்றுக்கொண்ட சூத்திரம் இது: அந்தக் காலத்துக் கூண்டு வண்டிகள் தண்ணீரையும் புல்லையும் விட்டு விலகவில்லை, அதனால் கேஸ்பர்வரை நார்த் பிளாட் ஆறு உங்கள் பக்கத்திலேயே வர வேண்டும். நெடுஞ்சாலை 26 அந்த ஆற்றோடுதான் போகிறது. ரொம்ப நேரமாக ஆற்றைக் காணவில்லையா, வண்டியை நிறுத்திக் கையேட்டைப் பிரியுங்கள்.

இன்னொன்று: ஃபோர்ட் லாரமி என்று ஒரு சின்ன ஊரும் உண்டு. கோட்டை அதற்கு மூன்று மைல் தள்ளி இருக்கிறது. 1834இல் தோல் வியாபாரச் சாவடியாகத் தொடங்கியதை 1849இல் ராணுவம் விலைக்கு வாங்கியது.

படி 4: கர்ன்ஸி

ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால், கர்ன்ஸி ஊரை ஒட்டிய இந்தச் சக்கரத் தடங்களைப் பாருங்கள். மற்ற இடங்களில் புழுதிக்குப் பயந்து வண்டிகள் பக்கம் பக்கமாக விரிந்து போயின. இங்கே நில அமைப்பு எல்லோரையும் ஒரே தடத்தில் தள்ளியது. பாறையும் மிருதுவான மணற்பாறை. சக்கரம் தேய்த்துத் தேய்த்துச் சில இடங்களில் ஐந்து அடி ஆழம். உள்ளே இறங்கி நின்றேன், விளிம்பு என் தோளுக்கு வந்தது.

பக்கத்திலேயே ரெஜிஸ்டர் கிளிஃப் என்ற செங்குத்துப் பாறை. கோட்டையை விட்டுக் கிளம்பியவர்கள் முதல் இரவு தங்கிய இடம். பாறை முழுக்கப் பெயர்களும் ஆண்டுகளும். நம் ஊர்க் கோட்டைச் சுவரில் ஆணியால் பெயர் கீறுகிறவர்களைத் திட்டுகிற நான், இங்கே ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். 1850களின் கிறுக்கல் மேல் இந்தக் காலத்து ஆட்களும் கிறுக்கியிருக்கிறார்கள். அவர்களைத் திட்டலாம்.

படி 5: இண்டிபெண்டன்ஸ் ராக்

கேஸ்பரிலிருந்து நெடுஞ்சாலை 220இல் ஒரு மணி நேரம். ஆறு இங்கே மாறிவிடும், இனி ஸ்வீட்வாட்டர். மலையில் பனி விழுமுன் கடக்க வேண்டுமென்றால் ஜூலை 4 வாக்கில் இங்கே வந்துவிட வேண்டும் என்பது குடிபெயர்ந்தவர்களின் கணக்கு. பாறை சுமார் 130 அடி உயரம், ஏறலாம். தொப்பியைக் காரிலேயே வையுங்கள். என்னுடையது இன்னும் அங்கேதான் எங்கோ பறந்துகொண்டிருக்கும்.

பின்சேர்க்கை: கேம்பர் (காருக்குப் பின்னால் இழுக்கும் தங்கும் வண்டி) இழுத்துக்கொண்டு போன ஒருவரை ஸ்காட்ஸ் பிளஃப் உச்சிச் சாலையில் விடவில்லையாம். நான் முதலில் எழுதாதது தப்புதான். அந்தச் சாலையில் குகைவழிகள் உண்டு. டிரெய்லருக்கும் 25 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கும் அனுமதி இல்லை. கீழே நிறுத்திவிட்டு நடந்தே ஏற ஒரு பாதை இருக்கிறது. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், பாம்பு உண்டு, பாதையை விட்டு இறங்காதீர்கள்.