வாயைக் கட்டாமல் செலவைக் கட்டுவது

சிக்கனம் என்று பேச்செடுத்தாலே திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் முதல் வெட்டு விழுவது ஞாயிற்றுக்கிழமைக் கறியில்தான். அடுத்தது சாயங்காலக் காப்பியும் வடையும். இரண்டு வாரம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஓட்டுவார்கள். மூன்றாவது வாரம் ஜங்ஷனில் ஓர் ஓட்டலில் குடும்பத்தோடு உட்கார்ந்து, மிச்சம் பிடித்த அத்தனையையும் ஒரே பில்லில் கொடுத்துவிட்டு வருவார்கள். கறியும் வடையும் அது பாட்டுக்கு இருக்கட்டும். காசு ஒழுகுவது அடுப்புத் தீயில், மீட்டர் பெட்டியில், அழுகிய தக்காளியில், பற்றுக் கணக்கில், வட்டியில். அங்கே கை வைத்தால் சாப்பாட்டுத் தட்டில் ஒன்றும் குறையாது.

முதலில் சிட்டை

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இரண்டு மாதம் எழுதுங்கள். ஒரு மாதம் போதாது. கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, சிலிண்டரும் காலண்டர் பார்த்துத் தீர்வதில்லை. நாலு பத்தி போடுங்கள். பலசரக்கும் காய்கறியும் ஒன்று, கரண்டும் காஸும் ஒன்று, வெளியே தின்றதும் போய்வந்ததும் ஒன்று, மொய், சீட்டு, வட்டி, பற்று எல்லாம் சேர்ந்து ஒன்று. பதினைந்து தலைப்பு போட்டு ஆரம்பிக்கிறவர்கள் மூன்றாம் நாளே நோட்டை மூடிவிடுகிறார்கள்.

விட்டுப்போவது பெரும்பாலும் போனில் ஸ்கேன் செய்து கொடுத்த பத்தும் இருபதும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைத் திறந்து அந்த வாரத்துக் கணக்கைப் பார்த்து நோட்டில் ஏற்றிவிடுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு பட்டியல் வேண்டும், குப்பைக்குப் போனது. அரைக் கட்டுக் கீரை, நாலு தக்காளி, ஒரு கிண்ணம் சாம்பார் என்று மறைக்காமல் எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து மற்ற எல்லாப் பக்கங்களையும்விட இந்த ஒரு பக்கம்தான் அதிகம் பேசும்.

தேங்காயிலிருந்து தொடங்கலாம்

நம்ம பக்கத்துச் சமையலில் எண்ணெயைவிடத் தேங்காய்தான் அதிகம் காசை விழுங்கும். விலை ஏறும்போது தேங்காயை நிறுத்திவிட்டால் வீட்டுச் சாப்பாடு வீட்டுச் சாப்பாடாக இருக்காது. ஆகவே ஒரு காயை முழுசாகத் தீர்ப்பது எப்படி என்று பார்ப்போம்.

வாங்கும்போது ஆட்டிப் பாருங்கள், தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். கண்ணில் ஈரமோ பூசணமோ இருந்தால் வேண்டாம். குடுமியோடு வாங்கி, குடுமி மேலே பார்க்கிற மாதிரி நிறுத்தி வையுங்கள். படுக்கப் போட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் கண்ணில் பட்டு அந்த வழியாகவே அழுகத் தொடங்கும். உடைத்தபின் கண் இருக்கும் மூடி முதலில் கெடும், அதை முதலில் செலவழியுங்கள். மற்ற மூடியைத் துருவி, ஒரு நாளைக்குத் தேவையான அளவாகச் சின்னச் சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரீஸரில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். மொத்தமாக ஒரே டப்பாவில் அடைத்தால் கட்டியாகிப்போகும். உடைப்பதற்காக முழுவதையும் வெளியே எடுத்து வைப்பதில் பாதி கெடும்.

சொதி வைக்கிற நாளில் பெரிய காய் ஒன்று போகும். துருவலை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்தால்தான் பால் முழுசாக இறங்கும். முதல் பால் ஒரு டம்ளர் எடுத்துத் தனியே வையுங்கள். இரண்டாம், மூன்றாம் பாலில் காயும் பாசிப்பருப்பும் வேகட்டும். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும், ஒரு காய் வீண். பிழிந்த சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்து, வறுத்த உளுந்து, வத்தல் மிளகாய், புளி, உப்பு சேர்த்து அரைத்தால் மறுநாள் இட்லிக்குத் துவையல் ஆயிற்று.

காய்கறிக் கூடையில் ஒவ்வொன்றாக மிஞ்சி நிற்கும் வாரக் கடைசிக்கு நம் ஊரே கண்டுபிடித்து வைத்த வழி கூட்டாஞ்சோறு. அரிசி இரண்டு டம்ளர், துவரம் பருப்பு அரை டம்ளர், ஒரு கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய், அரை வாழைக்காய், ஒரு கை முருங்கைக்கீரை போதும். முதலில் பருப்பை அரைவேக்காடு வேகவைத்து, பிறகு அரிசியும் கட்டிக் காய்களும் போடுங்கள். புளித்தண்ணீரை முன்னாலேயே ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தப்பு. புளிப்பு ஏறினால் பருப்பும் காயும் வேகாமல் அடம்பிடிக்கும், காஸ் போய்க்கொண்டே இருக்கும். முக்கால் வெந்தபின் புளி, அதற்குப் பின் தேங்காய், சீரகம், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) அரைத்தது, இறக்கும்போது கீரை. வடகத்தை வறுத்துத் தொட்டுக்கொண்டால் யாரும் இதை மிச்சக் காய்ச் சோறு என்று சொல்ல மாட்டார்கள்.

உளுந்தஞ்சோறும் அப்படித்தான். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலி உளுந்து, கூட எள்ளுத் துவையல். அன்றைக்குக் குழம்பும் வேண்டாம், வெஞ்சனமும் வேண்டாம். சித்திரை வெயிலில் பழைய சோறும் மோர்மிளகாயும் சின்ன உள்ளியும் இருந்தால் காலை அடுப்பே எரியாது.

இட்லி மாவைக் கடையில் பாக்கெட்டாக வாங்குவது மெல்லக் கரைக்கும் செலவு. புழுங்கலரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு கரண்டி போட்டு கிரைண்டரில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டினால் பத்தில் ஒரு யூனிட் கரண்டுதான் ஆகும். ரேஷன் புழுங்கலரிசியே போதும், மூன்று தண்ணீரில் களைந்து நாலைந்து மணி நேரம் ஊறப் போடுங்கள். ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மிதக்கும், நிறமும் கொஞ்சம் வேறுபடும். அது செறிவூட்டிய அரிசி, இரும்புச் சத்து சேர்த்துச் செய்தது. பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிப் போடுவது நல்லதைக் கொட்டுவதுதான். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் ரேஷனில் கிடைக்கும்போது அட்டையைச் சும்மா வைத்திருக்க வேண்டாம். பாமாயிலை வடைக்கும் அப்பளத்துக்கும் வைத்துக்கொண்டு, நல்லெண்ணெயைத் துவையலுக்கும் மிளகாய்ப்பொடிக்கும் நிறுத்துங்கள். பொரிக்க அகன்ற வாணலி வேண்டாம். சின்னக் குழிவான இரும்புச் சட்டியில் கால் லிட்டர் எண்ணெயே நிறைவாக நிற்கும். பொரித்து மிஞ்சியதை வடிகட்டி இரண்டு மூன்று நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள், மறுபடி மறுபடி காயவைக்காதீர்கள்.

காஸ்

சிலிண்டர் மாட்டிய அன்றே அதன் மேல் சாக்பீஸில் தேதி எழுதுங்கள். 14.2 கிலோ உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று தெரியாமல் மிச்சம் பிடித்தோமா என்று சொல்ல முடியாது.

தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சள் அடித்து, பாத்திரத்தின் அடி கரியானால் பர்னர் ஓட்டைகள் அடைத்திருக்கின்றன. பித்தளைப் பர்னரைக் கழற்றிப் புளித்தண்ணீரில் ஒரு இரவு ஊறப் போட்டு, ஊசியால் ஓட்டைகளைக் குத்தி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தீ விட்டுவிட்டு எரியும். அரிசியை அரை மணி, பருப்பை ஒரு மணி ஊறவைத்தால் வேகும் நேரம் கண்கூடாகக் குறையும். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்முக்கு இறக்குங்கள். அழுத்தம் ஏறி முடிந்தபின் உள்ளே சூடு அதற்கு மேல் ஏறாது, கூடுதல் தீயெல்லாம் விசிலாக வெளியே போகிறது. விசிலே வராமல் ஓரத்தில் ஆவி கசிந்தால் கேஸ்கெட் தளர்ந்துவிட்டது. பத்து நிமிஷம் ஃப்ரீஸரில் வைத்தால் அன்றைக்கு ஒப்பேற்றலாம், ஆனால் அந்த வாரமே புதிது வாங்கிவிடுங்கள்.

மீட்டரில் 500 என்ற கோடு

வீட்டு மின்சாரத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது 500-இல் இருக்கும் கண்ணி. இரண்டு மாத மொத்தம் 500-க்குள் இருக்கும் வரை 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குப் பாதிக் கட்டணம்தான். 501 ஆகிவிட்டால் அந்தச் சலுகை முழுக்கப் போய்விடும். ஒரே ஒரு யூனிட்டுக்காக பில்லில் 200 ரூபாய்க்கு மேல் ஏறும். அதற்கு மேலே போகும் யூனிட்டுகளுக்கோ விலையும் கூடுதல்.

கணக்கெடுத்த தேதியையும் ரீடிங்கையும் காலண்டரில் எழுதி வையுங்கள். 45-ஆம் நாள் மீட்டரைப் பார்த்துக் கழித்துப் பாருங்கள். 375 யூனிட் ஓடியிருந்தால் 60-ஆம் நாள் சரியாக 500-இல் நிற்கும். 390 என்று காட்டினால் கடைசி இரண்டு வாரம் கையை இறுக்க வேண்டும்.

எதில் இறுக்குவது? போன் சார்ஜரைப் பிடுங்குவதில் ஒன்றும் கிடைக்காது. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். தினம் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் ஃபேன் அதே வேலையை 29 யூனிட்டில் செய்யும். அதிகம் ஓடும் அறையில் முதலில் மாற்றுங்கள், விருந்தினர் அறையில் மாற்றிப் பயனில்லை. மொத்தமே 200 யூனிட்டுக்குள் முடிகிற வீடு புது ஃபேனுக்குக் காசு போடவே வேண்டாம், போட்ட முதல் திரும்ப வருஷக்கணக்கில் ஆகும்.

2,000 வாட் கீஸர் தினம் அரை மணி என்றால் இரண்டு மாதத்தில் 60 யூனிட். நம்ம வெயிலுக்குக் கார்த்திகை, மார்கழி, தை தவிர அதன் சுவிட்ச் அணைந்தே இருக்கலாம். கிணற்று மோட்டார் தொட்டி நிரப்ப வழக்கத்தைவிட நேரம் எடுத்தால் கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஃபிரிட்ஜ் கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள், தடையில்லாமல் வழுக்கி வந்தால் ரப்பர் போய்விட்டது.

எங்கே வாங்குவது, எப்போது வாங்குவது

தினசரிக் காய்க்கு பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தை. விலைப்பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். நயினார்குளம் மொத்த மார்க்கெட்டில் தனி வீடாகப் போனால் லாபமில்லை. மூன்று வீடு சேர்ந்து பத்துக் கிலோ சின்ன உள்ளி, ஒரு பெட்டி தக்காளி என்று வாங்கிப் பிரித்துக்கொள்ள வேண்டும். தென்காசிப் பக்கம் போகிறவர்களுக்குப் பாவூர்சத்திரம் சந்தை வழியிலேயே இருக்கிறது. பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை, பையை எடுத்துக்கொண்டு அவர்கள் போய் வந்தால் பெட்ரோலும் மிச்சம். கீரையையும் கொத்தமல்லியையும் மட்டும் மலிவு என்று அள்ளாதீர்கள். குப்பைப் பட்டியலைப் பாருங்கள், முதலிடம் அவற்றுக்குத்தான் இருக்கும்.

மாசி, பங்குனிதான் வருஷச் சாமானுக்குக் காலம். புதுப் புளி வரும், வத்தல் மிளகாய் வரும், பிசான நெல் அறுவடையாகி அரிசி இறங்கும். புது அரிசி குழையும், அளவும் காணாது. அப்போது வாங்கி வைத்து ஆவணிக்கு மேல் எடுத்தால் அதே அரிசி சட்டி நிறையும். புளியைக் கொட்டை நீக்கி ஒருநாள் வெயிலில் போட்டு, கல்லுப்புத் தூவி மண் பானையில் அமுக்கி வையுங்கள்.

சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்) மலிந்து கிடக்கும்போது வத்தல் போடலாம். ஒரு கிலோ காயை நுனி கிள்ளி, உப்புப் போட்ட கொதிநீரில் மூன்று நிமிஷம் விட்டு வடித்து, புளித்த மோரில் ஒரு இரவு ஊறவிடுங்கள். காலையில் காயைப் பிழியாமல் எடுத்து ஓலைப்பாயில் பரப்பி, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போட வேண்டும். மோர் வற்றும் வரை இப்படி. நாலைந்து வெயில் பட்டு, ஒடித்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, டப்பாவில் பூசணம் பிடிக்கும். பனி விழும் முன்பே பாயைச் சுருட்டி உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். ஒரு கிலோ காய் வற்றி நூறு, நூற்றைம்பது கிராமில் நிற்கும். மழை மாதத்தில் காய் விலை ஏறும்போது, பத்து வத்தலை வறுத்துவைத்தால் தண்ணிச் சாம்பாரும் ரசமும் தாராளமாக உள்ளே போகும்.

மீனிலும் இதே கணக்கு. சீலா விலை கேட்டுவிட்டு மீனே வேண்டாம் என்று திரும்ப வேண்டியதில்லை. சாளை மலிவு, புளி மிளகாய் அரைத்து வைத்தால் மறுநாள் குழம்பு இன்னும் ருசி.

வட்டியும் மொய்யும்

இத்தனை மிச்சத்தையும் ஒரு கைமாற்றுக் கடன் தின்றுவிடும். நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் காதுக்குச் சின்னதாகப் படும். 20,000 ரூபாய்க்கு அது மாதம் 600, வருஷத்துக்கு 7,200, அதாவது 36 சதவீதம். வங்கியில் நகையை வைத்தால் அதில் பாதி வட்டிகூட வராது. கையில் நகை இருந்தால் அதை வைத்து முதலில் இந்தக் கடனை அடையுங்கள். மிச்சம் பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மொய் திடீர்ச் செலவு என்பது பொய். போன வருஷத்து மொய் நோட்டை எடுத்து, யார் வீட்டுக் கல்யாணம் பாக்கி இருக்கிறது என்று கூட்டி, 12-ஆல் வகுத்து மாதாமாதம் தனி உறையில் போடுங்கள். ஆவணியும் தையும் வரும்போது பற்று வாங்க வேண்டியிராது. சிட்டையில் மிஞ்சியதைப் பர்ஸில் விடாமல் தபால் நிலையத்தில் ஆர்.டி. போடலாம். மாதம் 100 ரூபாயிலிருந்தே கட்டலாம், 5 வருஷத் தவணை.

அல்வாவுக்குத் தடையில்லை. ஆனால் அரைக் கிலோ வாங்கிவந்து ஃபிரிட்ஜில் வைத்து, நெய் உறைந்து, கடைசித் துண்டை யாரும் சீந்தாமல் விடுவதுதான் வீண்செலவு. டவுனுக்குப் போகிற அன்று ஆளுக்கு நூறு கிராம் இலையில் சூடாக வாங்கி, நெல்லையப்பர் கோயில் வாசலில் நின்றபடியே தின்றுவிட்டு வாருங்கள்.