பொதுநன்மைக்காகக் கட்டாயப்படுத்தலாமா: முடிவெடுக்கும் முறை

ஒரு விதியை எல்லோர் மீதும் சுமத்தும் அதிகாரம் கைக்கு வரும்போது, அது நாட்டின் சட்டமானாலும் சிறு சங்கத்தின் தீர்மானமானாலும், மக்கள் நலன், முன்னேற்றம் போன்ற சொற்களை முதலில் ஒதுக்கிவிட்டு, யார் எதைச் செய்ய வேண்டும், மறுப்பவருக்கு என்ன நேரும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுதக் கை கூசினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்து, இப்போதைய நடத்தையால் கெடுவது யார் என்று பாருங்கள். பிறருக்குத் தீங்கு நேர்கிறது என்றால் தலையிடும் நியாயம் வலுவானது. தனக்குத்தானே கேடு செய்துகொள்பவரிடம் அது மெலிந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970-இல் காரில் சீட் பெல்ட் அணிவதைக் கட்டாயமாக்கியது. அது பெரும்பாலும் அணிபவரையே காக்கிறது. ஆனாலும் சுமை மிக லேசானது என்பதால் நான் அதை ஏற்பேன். ஏற்காதவர்களும் உண்டு, அவர்கள் வாதம் அற்பமானதன்று.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் மறுப்பவர் தர வேண்டிய விலை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெரியம்மைத் தடுப்பூசியை மறுத்த ஒரு போதகருக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்டதை, 1905-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சரியென்றது. பரவும் நோய், சிறிய தண்டனை. அவரைப் பிடித்து வைத்து ஊசி போடவில்லை. ஆனால் 1927-இல் அதே நீதிமன்றம், அந்தத் தீர்ப்பையே மேற்கோள் காட்டி, கேரி பக் என்ற இளம்பெண்ணுக்கு வர்ஜீனியா மாநிலம் கட்டாயக் கருத்தடை அறுவை செய்வதை அனுமதித்தது. கட்டாயத் தடுப்பூசியைத் தாங்கும் கொள்கை கருக்குழாய்களை வெட்டுவதற்கும் போதுமான அளவு விரிந்தது என்பது நீதிபதியின் வாதம். இரண்டிலும் பொதுநன்மையே காரணமாகச் சொல்லப்பட்டது. அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அறுவையிலிருந்து திரும்ப வழியில்லை. ஆகவே உங்கள் விதி தவறென்று பத்து ஆண்டுகள் கழித்துத் தெரிந்தால் எதைத் திருப்பித் தர முடியும் என்று கேளுங்கள். ஒன்றையும் தர முடியாதென்றால், நோக்கம் எத்தனை உயர்ந்ததானாலும் கட்டாயம் வேண்டாம்.

பெரும்பான்மை எதிர்க்கிறது என்பது மட்டும் விதியைத் தவறாக்கிவிடாது. சுவீடனில் 1955-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஏறத்தாழ 83 சதவீதத்தினர் சாலையின் வலப்பக்கத்துக்கு மாறுவதை எதிர்த்தார்கள். இருந்தும் 1963-இல் நாடாளுமன்றம் மாற்றத்தை முடிவு செய்தது. 1967 செப்டம்பர் 3 அதிகாலை 4.50-க்குச் சாலையிலிருந்த வண்டிகள் நின்று, மெல்ல எதிர்ப்பக்கம் ஒதுங்கி, மீண்டும் நின்று, ஐந்து மணிக்குப் புறப்பட்டன. பாதிப்பேர் மட்டும் மாறினால் மோதல்தான் மிஞ்சும் என்பதால் இங்கே கட்டாயம் தவிர்க்க முடியாதது. தயாராக நான்காண்டு அவகாசமும் இருந்தது. வாக்கெடுப்பு நடத்திவிட்டு அதை மீறியது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இவற்றையெல்லாம் கடந்த விதிக்குக் காலாவதி நாள், விலக்குக் கோரும் வழி, முறையீட்டைக் கேட்க உங்கள் அதிகாரத்துக்குக் கீழ் வராத ஒருவர் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். வரைவு முடிந்ததும், அதனால் மிகுதியாக இழக்கப்போகிறவரிடம் கொடுத்து, அவருடைய மறுப்பை அதே தாளின் அடியில் அவர் கையாலேயே எழுதச் சொல்லி, அந்தப் பகுதியை வெட்டாமல் முடிவெடுக்கும் கூட்டத்தில் வையுங்கள்.