கார் ஃபேனையும் ஃபியூயல் பம்ப்பையும் பாதி வேகத்தில் ஓட்டும்போது நடக்கும் தவறுகள்

ரேடியேட்டர் ஃபேனைத் தேவைக்கேற்ற வேகத்தில் ஓட்டலாமே என்று தோன்றியதும் பலருக்கும் முதலில் கை போவது ஏற்கெனவே இருக்கும் ரிலேயின் (காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) மேல்தான். சப்ளையை விட்டுவிட்டுக் கொடுத்து வேகத்தைக் குறைக்க அதை நொடிக்கு நூறு முறை தட்ட வைத்தால் காண்டாக்ட் தீய்ந்துவிடும், அல்லது ஒட்டிக்கொள்ளும். இப்படிப் பல்ஸ் கொடுத்து வேகத்தை மாற்ற, அசையும் பாகமில்லாத எலக்ட்ரானிக் சுவிட்சான மாஸ்ஃபெட்தான் வேண்டும்.

மாஸ்ஃபெட் போட்டவர்கள் அடுத்துக் கோட்டைவிடும் இடம், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு. மோட்டாருக்குள் இருப்பது காயில். சப்ளையை வெட்டியதும் அதில் ஓடும் கரண்ட் சட்டென்று நிற்காது. போக வழியில்லாவிட்டால் வோல்டேஜ் எகிறி மாஸ்ஃபெட்டைப் பதம் பார்க்கும். அதற்காகத்தான் மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடைத் தலைகீழாகப் போடுகிறோம். சரி, கையில் கிடக்கும் 1 ஆம்பியர் டயோடு போதாதா? மோட்டாரில் 20 ஆம்பியர் ஓடுகிறது, டியூட்டி (சப்ளை ஆனில் இருக்கும் நேரத்தின் பங்கு) 50 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி நேரம் அந்த 20 ஆம்பியரும் டயோடு வழியாகவே சுற்றும். சராசரி 10 ஆம்பியர். முழு வேகத்தில் சும்மா கிடக்கும் டயோடு பாதி வேகத்தில் கொதிக்கும். முழு வேகத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்து ‘வேலை செய்கிறது’ என்று மூடி போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். வேகமான, பெரிய ஷாட்கி டயோடை ஹீட்சிங்கில் ஏற்றுங்கள்.

மாஸ்ஃபெட்டும் சுடும். 5 மில்லி ஓம் ரெசிஸ்டன்ஸில் 20 ஆம்பியர் ஓடினால் 2 வாட்தான். ஆனால் பல மாஸ்ஃபெட்டுகள் முழுதாகத் திறக்க அவற்றைக் கட்டுப்படுத்தும் காலான ‘கேட்’டில் 10 வோல்ட் வேண்டும். மைக்ரோகண்ட்ரோலரின் 3.3 வோல்ட்டை நேரே கொடுத்தால் அரைகுறையாகத் திறந்து, அதுவே 50 மில்லி ஓம் ஆனால் 20 வாட். கேட்டுக்குப் போதிய வோல்டேஜைத் தரும் கேட் டிரைவரில் கஞ்சத்தனம் வேண்டாம். இரைச்சல் கேட்காமலிருக்கப் பல்ஸை 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கொண்டுபோகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தனக்குள்ளேயே கண்ட்ரோலர் வைத்திருக்கும் பிரஷ்லெஸ் ஃபேன் என்றால் அதன் சப்ளையை வெட்டவே கூடாது. சிக்னல் வயருக்குத்தான் பல்ஸ்.

ஃபியூயல் பம்ப்பில் தவறு வேறு மாதிரி. ஐடிலில் பிரஷர் சரியாக நிற்கிறது என்று திருப்திப்பட்டுவிடுவார்கள். லோடு ஏறும்போது இன்ஜெக்டர் கேட்கும் அளவுக்குப் பம்ப் தராவிட்டால் பிரஷர் இறங்கி, கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டனே அடிவாங்கலாம். முழு லோடில் கேஜைப் பார்க்காமல் டியூட்டியை முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம், மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். ஃபேன் நிற்காமல் சுற்றினால் பேட்டரிதான் இறங்கும். இன்ஜின் நின்ற பிறகும், மோதிய பிறகும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருந்தால்? அதனால் பம்ப்பின் பழைய ரிலேயைக் கழற்றாதீர்கள். மாஸ்ஃபெட்டுக்கு முன்னால் அது அப்படியே இருக்கட்டும்.